தங்கும் வேனில் பேட்டரி இறங்கிவிட்டால்

மார்கழியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளிப் பக்கம் விடியற்காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். சின்னம்மாவின் ரோஜாத் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்தி, நானும் அம்மாவும் இரண்டு இரவு தங்கியிருந்தோம். மூன்றாம் நாள் காலை கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினேன். டக்டக்டக்டக் என்று ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் மங்கி மங்கிச் சிமிட்டின. எஞ்சின் அசையவே இல்லை. பின்னால் இருந்த குட்டி ஃபிரிட்ஜும் அணைந்திருந்தது. அதற்குள்தான் அம்மாவின் இன்சுலின்.

எங்களுடையது பழைய டெம்போ டிராவலர். கிருஷ்ணகிரியில் டூரிஸ்ட் வண்டியாக ஓடியதை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றி, ஒரு கட்டில், சின்ன அடுப்பு மேடை, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து மாற்றிக்கொண்டோம். அம்மாவுக்கு இடுப்பு வலி. தொடர்ந்து உட்கார முடியாது. மணிக்கொரு தரம் ஓரங்கட்டி, கொஞ்ச நேரம் கால் நீட்டிப் படுத்து எழுந்தால் எவ்வளவு தூரமும் வருவார். ஓட்டுவது நான்தான். அதனால் வண்டி நின்றுபோனால் பார்க்க வேண்டியதும் நான்தான். அன்றைக்குத் தளியில் ஆரம்பித்துக் கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். இப்படி வண்டியில் தங்கிப் போகிறவர்களுக்கு, முக்கியமாகத் தனியாக ஓட்டும் பெண்களுக்கு, இது உதவ வேண்டும் என்பது என் ஆசை.

முதலில், சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் மிச்சம் இருக்கிற கொஞ்ச சார்ஜும் போகும். அதற்குப் பதிலாகக் காதைக் கொடுங்கள். வேகமாக டக்டக்டக் என்று அடித்து, விளக்கும் சேர்ந்து மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு 'டக்', ஆனால் ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது என்றால் சந்தேகம் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மேலும் எர்த் ஒயர் மேலும் போக வேண்டும். சத்தமே இல்லை, விளக்கும் இல்லை என்றால் பேட்டரி சுத்தமாகக் காலி, இல்லாவிட்டால் டெர்மினல், அதாவது பேட்டரி முனையில் ஒயர் மாட்டியிருக்கும் இடம், கழன்றிருக்கிறது.

டெர்மினலை எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வேன். கிளாம்பைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையவே கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு பூத்திருந்தால், பேட்டரியின் ஈய முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே அதுதான் சுவராக நிற்கிறது. வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்காதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். சிலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். அப்படிச் செய்தால் ஸ்பேனர் தவறி வண்டி இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது.

அடுத்து மல்டிமீட்டர். எலக்ட்ரிகல் கடையில் ஐந்நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். வண்டியில் ஸ்டெப்னி எப்படியோ அப்படி இதுவும் இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் ஆன பிறகு பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 11.8க்குக் கீழே என்றால் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பாதியில் இருந்து முழுசுக்கு அரை வோல்ட்கூட வித்தியாசம் இல்லை, பாருங்கள். '12 காட்டுகிறதே, நல்லாத்தானே இருக்கிறது' என்று ஏமாறுவது இதனால்தான். தளியில் எனக்கு அன்று 11.6 காட்டியது.

குளிரால் இறங்கிவிட்டது என்று சின்னம்மா சொன்னார். முழு உண்மை அது இல்லை. பேட்டரியைத் தின்பது நம் ஊர்க் கோடை வெயில். பங்குனி, சித்திரையில் உள்ளே தகடுகள் அரித்துப் பலவீனமாகிவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்வரை எஞ்சின் சுலபமாகச் சுற்றுவதால் அது தெரியாது. மார்கழியில் ஆயில் கெட்டியாகி, டீசல் எஞ்சினைச் சுற்ற அதிகத் தெம்பு தேவைப்படும்போது மாட்டிக்கொள்ளும். அதனால் ஐப்பசியிலேயே ஒரு தடவை பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

சரி, அன்றைக்கு எப்படிக் கிளம்பினோம்? பக்கத்துத் தோட்டத்து அண்ணன் டிராக்டரைக் கொண்டுவந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். "கயிறு கட்டி இழுத்துர்லாமா, அம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். "வேண்டாம்ண்ணா, கேபிள் இருக்கு" என்றேன். கிராமத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு டிராக்டர் பெரிய வரம். பொதுவாக 12 வோல்ட், பெரிய பேட்டரி, எந்தத் தோட்டத்திலும் இருக்கும். இருந்தாலும் லேபிளைப் பார்த்து 12 என்று உறுதி செய்துகொண்ட பிறகே கேபிளை எடுங்கள்.

கை வைக்கும் முன் வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியின் ப்ளஸ்ஸுக்கும் வண்டி இரும்புக்கும் நடுவே ஒரு மோதிரம் மாட்டினால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். சேலைத் தலைப்பையோ துப்பட்டாவையோ இடுப்பில் இறுக்கிச் செருகுங்கள், எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் ஃபேன் பெல்ட் அருகில்தான் நிற்கப்போகிறோம். பேட்டரிப் பெட்டி உப்பியிருந்தாலோ, வெடித்திருந்தாலோ, அமிலம் கசிந்தாலோ ஜம்ப் செய்ய, அதாவது இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிளில் கரண்ட் எடுத்துக் கிளப்ப, முயலவே வேண்டாம்.

இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டிலும் எஞ்சின் நின்றிருக்க வேண்டும். சிவப்பு கேபிளின் ஒரு முனையை இறங்கிய பேட்டரியின் ப்ளஸ்ஸில் மாட்டுங்கள். மறுமுனையை டிராக்டர் பேட்டரியின் ப்ளஸ்ஸில். கறுப்பின் ஒரு முனை டிராக்டர் பேட்டரியின் மைனஸில். கறுப்பின் கடைசி முனையில்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். அதை இறங்கிய பேட்டரியின் மைனஸில் மாட்டாமல், பேட்டரியிலிருந்து தள்ளி, நம் எஞ்சினில் பெயிண்ட் இல்லாத கெட்டியான இரும்பில் கவ்வுங்கள். கடைசியாகத் தொடும் இடத்தில் பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்துகொண்டிருக்கலாம். அதன் பக்கத்தில் பொறி வந்தால் பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். இந்த ஒரு விஷயத்தில் 'எல்லாரும் அப்படித்தான் போடறாங்க' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் டிராக்டரை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கூட்டி, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். இந்தப் பத்து நிமிடம்தான் வேலையைச் செய்கிறது. நம் பேட்டரியில் மேலோட்டமாகக் கொஞ்சம் சார்ஜ் ஏறும், அதனால் கேபிள் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டியிருக்காது. பிறகு நம் சாவியைத் திருப்புங்கள். பத்து நொடிக்கு மேல் திருப்பிப் பிடிக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் செல்ஃப் மோட்டார் ஆறட்டும். அன்று இரண்டாவது முயற்சியில் எடுத்தது. பின்னால் இருந்து அம்மா "முருகா" என்றது எனக்குக் கேட்டது.

எடுத்ததும் நம் வண்டியில் ஏசி பிளோயரைப் போட்டுவிட்டு, மாட்டியதற்கு நேர் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள். எஞ்சின் இரும்பில் இருக்கும் கறுப்பு முதலில், நம் ப்ளஸ்ஸில் இருக்கும் சிவப்பு கடைசியில்.

கேபிள் வாங்கும்போது விலையைப் பார்க்காமல் கனத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை தடிமனாகவும் உள்ளே கம்பி மெல்லிசாகவும் இருக்கும் மலிவான கேபிள் டீசல் வண்டிக்கு ஆகாது, சூடாகி உருகும். 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளாவது வேண்டும். பேட்டரி எங்கே இருக்கிறது என்பதையும் இன்றைக்கே பார்த்து வையுங்கள். சில வேன்களில் சீட்டைத் தூக்கினால்தான் தெரியும்.

இன்னொரு தடவை, காவேரிப்பட்டணம் தாண்டித் தேசிய நெடுஞ்சாலை 44இல் ஒரு தாபா முன்னால் நின்றுபோனோம். உதவிக்கு வந்தவர் ஒரு லாரி டிரைவர் தம்பி. "கேபிள் குடுங்கக்கா, ஒரே நிமிஷம்" என்றார். நல்ல மனசு. ஆனால் லாரி 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். அதை நம் 12 வோல்ட் வண்டியில் போட்டால் எலக்ட்ரானிக்ஸ் மொத்தமும் எரிந்துபோகலாம், பேட்டரியும் வெடிக்கலாம். "தம்பி, பெட்டியைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க" என்றேன். திறந்தார். இரண்டு பேட்டரிகள், நடுவில் இணைப்புப் பட்டை. "ஆமாக்கா, இது இருவத்திநாலு, ஒங்களுக்கு ஆகாது" என்று அவரே சொல்லிவிட்டு, ரோட்டில் இறங்கி நின்று, ராயக்கோட்டைத் தக்காளி ஏற்றி வந்த ஒரு டாடா ஏஸைக் கைகாட்டி நிறுத்தினார். ஏஸில் இருப்பது சின்ன பேட்டரி, அதனால் 20 நிமிடம் ஓடவிட்டுத்தான் திருப்பினோம். லாரியின் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கலாம் என்று யாராவது சொன்னாலும், வேறு வழி இருக்கும்வரை நான் அதற்குப் போக மாட்டேன். ஒரு கிளிப்பைத் தப்பான முனையில் வைத்தால் 24 வந்துவிடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பற்றி எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது. சமதரையில், நான்கைந்து பேர் இருந்தால், சாவியை ஆன் செய்து இரண்டாவது கியரில் கிளட்சை விடலாம். பழைய மெக்கானிகல் பம்பு டீசலில் இது நன்றாகவே வேலை செய்யும். இப்போதைய காமன் ரெயில் டீசலில் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்கும் டீசலைத் தெளிக்கும் ஊசிகளுக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி சுத்தமாகக் காலி என்றால் எவ்வளவு தள்ளினாலும் எடுக்காது. ஆனால் இறக்கத்தில் உருட்டி எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் கைவிட்டுவிடும். தொப்பூர் கணவாயில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்கிய வண்டிகளால் எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்று தருமபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று டன் வேனை அப்படி ஒரு சரிவில் உருட்டிப் பார்க்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பக்கத்தில் யாருமே இல்லை என்றால்? எனக்கு ஒகேனக்கல்லில் அப்படி ஆனது. பென்னாகரம் தாண்டி மலை இறங்கும்போது பனி, ஹெட்லைட் போட்டிருந்தேன். அணைக்க மறந்து, பரிசல் போய், மீன் சாப்பிட்டு, ஐந்து மணி நேரம் கழித்துத் திரும்பினால் வண்டி எடுக்கவில்லை. ஹெட்லைட்டும் மற்ற விளக்குகளும் சேர்ந்து பத்து ஆம்பியர் வரை இழுக்கும். ஆம்பியரை மணியால் பெருக்கினால் ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவை அளப்பது இதில்தான். ஐந்து மணி நேரத்தில் 50 ஆம்பியர்-மணி போய்விட்டது. அந்தப் பயணத்துக்கு முன்பே வண்டியின் தங்கும் பகுதிக்கென்று, அதாவது ஃபிரிட்ஜ், விளக்குகளுக்கு, தனி பேட்டரி வைத்திருந்தேன். அது நிறைந்திருந்தது. அதை நேராகக் கேபிளில் இணைக்கவில்லை. அது லித்தியம் பேட்டரி. செல்ஃப் மோட்டார் இழுக்கும் பல நூறு ஆம்பியரை அதன் பாதுகாப்புச் சர்க்யூட் அனுமதிக்காது, பட்டென்று அணைந்துகொள்ளும். என் இன்வெர்ட்டரைப் போட்டு, வீட்டில் பயன்படுத்தும் சாதாரண 10 ஆம்பியர் பேட்டரி சார்ஜரை அதில் சொருகி, அந்த சார்ஜரை வண்டி பேட்டரியில் மாட்டினேன். ஒன்றரை மணி நேரம். வண்டி எடுத்துவிட்டது. இந்த வழியை நிறையப் பேர் யோசிப்பதில்லை. சார்ஜர் ஒன்று வண்டியில் இருந்தால் போதும், நமக்கு நாமே உதவி.

கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டரும் நல்ல பொருள்தான். டீசல் எஞ்சினுக்குப் போதுமான அளவா என்று பார்த்து வாங்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள், கோடையில் பூட்டிய வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டு ரோட்டில் இரவில் நின்றுவிட்டால் மட்டும் எந்த முறையையும் முயல வேண்டாம். அது யானை நடமாடும் இடம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள், சிக்னல் இருந்தால் போன் செய்யுங்கள், வெளிச்சம் வந்த பிறகு பேட்டரியைப் பார்க்கலாம்.

வண்டி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். பாதிதான் முடிந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை மறுபடி வையுங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் டைனமோ சார்ஜ் கொடுக்கிறது. 12.5இலேயே நின்றால் டைனமோவோ பெல்ட்டோ கெட்டிருக்கிறது, வழியில் மறுபடி நிற்பீர்கள். ஐடிலில் நிறுத்தி வைத்து சார்ஜ் ஏற்றலாம் என்பது நடக்காது. தளியிலிருந்து தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி வரை எஞ்சினை எங்கேயும் அணைக்காமல் ஓட்டி வந்தேன். அப்படி ஓட்டியும் பேட்டரி முழுசாக நிறையாது. வீட்டுக்கு வந்ததும் சார்ஜரில் போட வேண்டும். 90 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 9 ஆம்பியர் அளவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், அதாவது ஒரு ராத்திரி முழுக்க. இறங்கிய பேட்டரியை அப்படியே நாலு நாள் விட்டால் உள்ளே தகட்டில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப்போகும். அப்புறம் எந்த சார்ஜரும் முழுசாகக் கரைக்காது.

சார்ஜ் எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் அடுத்த பயணம் கிளம்பாதீர்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எனக்குத் தளியில் நடந்தது இதுதான்: வண்டியை மாற்றிக் கொடுத்தவர் ஃபிரிட்ஜ் ஒயரை நேராக வண்டி பேட்டரியிலேயே இணைத்திருந்தார். அந்த ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர். பாதி நேரம் ஓடும், பாதி நேரம் நிற்கும். சராசரி 2 ஆம்பியர் என்றால் 36 மணி நேரத்தில் 72 ஆம்பியர்-மணி. பேட்டரியே 90தான். கணக்குப் போட்டுப் பார்த்ததும் குளிரையோ பேட்டரியையோ குறை சொல்ல எதுவும் மிச்சமில்லை.

வண்டியைக் கிளப்பும் பேட்டரி மெல்லிய தகடுகளால் ஆனது. நொடி நேரத்துக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு உடனே நிறைந்துகொள்ளத்தான் அதைச் செய்கிறார்கள். மெதுவாக அடிவரை வடித்தால் சில தடவையிலேயே செத்துவிடும். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, போன் சார்ஜர் எல்லாம் வேறு பேட்டரியில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குச் சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி சார்ஜரோ, எஞ்சின் ஓடும்போது மட்டும் இணைக்கும் ரிலேயோ வேண்டும். லித்தியம் என்றால் டிசி-டிசி சார்ஜர்தான் சரி. நான் கூரையில் 200 வாட் சோலார் வைத்திருக்கிறேன், நல்ல வெயில் நாளில் ஃபிரிட்ஜ் தின்பதை அதுவே கிட்டத்தட்டச் சரிக்கட்டிவிடும். இப்போதைக்குத் தனி பேட்டரிக்கு வசதி இல்லை என்றால், ஃபிரிட்ஜில் பேட்டரி பாதுகாப்பு செட்டிங் இருக்கிறதா பாருங்கள். அதை உயர்ந்த அளவில் வைத்தால் வோல்ட் இறங்கியதும் ஃபிரிட்ஜ் தானாக நின்றுகொள்ளும். மருந்துக்கு ஐஸ் பெட்டி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜைத் தனி பேட்டரிக்கு மாற்றிய பிறகும் என் வண்டியில் சார்ஜ் குறைந்துகொண்டே இருந்தது. கசிவைப் பார்க்க இப்படிச் செய்தேன். எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தினேன். மைனஸ் கிளாம்பைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே இணைத்தேன். அரை மணி நேரம் காத்திருந்தேன். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. எனக்கு 0.4 காட்டியது, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட பத்து ஆம்பியர்-மணி. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்ததில் ஒன்றைப் பிடுங்கியதும் எண் சட்டென்று விழுந்தது. டூரிஸ்ட் வண்டியாக ஓடிய காலத்தில் போட்ட பாட்டு ஆம்ப்ளிஃபையர் சீட்டுக்கடியில் இன்னும் உயிரோடு இருந்தது. இந்தச் சோதனையின்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

பிறகு லாரிக்காரர்கள் போடுவது போல பேட்டரித் தொடர்பையே துண்டிக்கும் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிட்டேன். வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அதைப் போல எளிய மருந்து கிடையாது.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து தகடுகள் மூழ்கியிருக்கின்றனவா பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீரோ கேன் தண்ணீரோ கூடாது. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தத் தண்ணீரில் இருக்கும் உப்புகள் எல்லாம் பேட்டரிக்குள் போய்த் தங்கிவிடும், வெளியே வராது. தகடு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவு மட்டும் ஊற்றிவிட்டு, சார்ஜ் ஏறிய பிறகு கோடு வரை நிரப்புங்கள்.

ஒரு ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றியும் மறுநாள் 10.5க்குப் பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் போய்விட்டது. ஆறு செல்லில் ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், அதில் ஒன்று கழிந்தால் வருகிற கணக்கு இது. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1.265 காட்டி ஒன்று மட்டும் மிகக் கீழே இருந்தாலும் இதே முடிவுதான். புதிது வாங்குங்கள், பழையதைக் கடையிலேயே கொடுத்தால் அதற்கு விலையில் கழித்துக்கொள்வார்கள். அமிலத்தைத் தோட்டத்திலோ சாக்கடையிலோ ஊற்றிவிடாதீர்கள். புது பேட்டரி மாட்டிய அன்றே, வாங்கிய மாதமும் ஆண்டும் அதன் மேல் வெள்ளை பெயிண்டில் எழுதிவிடுங்கள். மூன்று வருடம் கழித்து யாருடைய தோட்டத்திலாவது மூடியைத் திறந்து நிற்கும்போது முதலில் தேடப்போவது அந்தத் தேதியைத்தான்.